ஊருக்குள் ஏறிய படகு

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் விமானம் ஏறியவளும் நான்தான், இந்திய ரக்பி அணியின் சட்டையோடு. முழங்கால் போனபின் ஊருக்கே திரும்பி, மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கோச் ஆனேன். மாநிலப் போட்டி நெருங்கியது.

ரக்பியில் எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, குனிந்து எதிரணியைத் தள்ள வேண்டும். அதைப் பழக இயந்திரம் உண்டு. எங்களிடம் இல்லை. எங்களுடையது கிறிஸ்தவ ஊர்; ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கடல் தொழிலுக்குப் போவதில்லை. படகுகள் மணலில் சும்மா கிடக்கும். பூசை முடிந்ததும் மாமாவின் படகுக்குப் பிள்ளைகளைத் தோள்கொடுக்க வைத்தேன். படகு ஒரு முழம் கடல் பக்கம் நகர்ந்தது. உடனே ஊர்க் கமிட்டி கூடிவிட்டது.

“ஏளா, ஞாயித்துக்கிழமை படகைக் கடலுக்குத் தள்ளுனா அது தொழிலுக்குப் போறதுதான?” என்றார் தலைவர்.

“யாரும் ஏறலையே, பெரியப்பா. வலைகூட இல்லை.”

“வலை இல்லாமப் போனா தொழில் தெரியாதவன் போறான்னு அர்த்தம். போறது போறதுதான்.”

இன்னொரு முறை தள்ளினால் எந்தத் தகப்பனும் மகளை என்னிடம் அனுப்ப மாட்டான் என்றார். பிள்ளைகள் போனால் அணியே இல்லை.

“கரைப் பக்கமாத் தள்ளுனா?” என்று கேட்டேன்.

நெடுநேரம் விவாதித்தார்கள். கடலை விட்டு விலகுவது ஓய்வுதான் என்று முடிவானது.

அடுத்த ஞாயிறு தள்ளினோம். பிள்ளைகள் தலை குனிந்திருந்தார்கள். நான் யாரும் இடுப்பைத் தூக்காமல் முதுகுகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தபடி, “இன்னும், இன்னும்” என்று கத்திக்கொண்டு கூடவே போனேன். அத்தனை அழகான முதுகுகள். நிமிர்ந்து பார்த்தபோது, படகு கோயிலுக்குப் போகும் மணல் சந்துக்குள் ஏறியிருந்தது.

திங்கள் காலை மாமா ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆண்கள் படகை இருபுறமும் பிடித்துத்தான் தள்ளுவார்கள். சந்தில் இருபுறமும் சுவர், பக்கவாட்டில் நிற்க இடமில்லை. கோயில் பக்க முனையில் நின்ற மாமா படகைத் தள்ள, பின்னால் நின்றவர்கள் மாமாவைத் தள்ள, மாமாதான் நசுங்கினார்.

கமிட்டித் தலைவர் என் வாசலுக்கு வந்தார்.

“ஏளா, ஒன் பிள்ளைகளைக் கூப்பிடு. தொழில் கெடுது.”

“இனி ஞாயித்துக்கிழமை எங்களைத் தடுக்கக் கூடாது.”

“தடுக்கல.”

“கோச்சுன்னு கூப்பிடுங்க.”

“சரி கோச்சு, தடுக்கல. ஆனா அடுத்த வாரம் என் மச்சான் படகைத் தள்ளு. கமிட்டியில அவன்தான் ஒனக்கு எதிராப் பேசுனான்.”

பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் கோயில் பக்கமாகச் சுற்றி வந்து குனிந்தார்கள். படகு நகர்ந்தது. ஆண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இரண்டாவது வரிசையில் ஒருத்தி இன்னும் இடுப்பைத் தூக்குகிறாள்.