சாவுமேளத்துக்கு நடந்தவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பஞ்சு நனைத்தது. பலராமனின் தலையில் வைத்து மின்சாரம் பாய்ச்சும் இரண்டு பஞ்சுகளை வைஜெயந்தி உப்புநீரில் முக்கினாள். அவர் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் ஒரு உப்பாம்மா? ஆஸ்பத்திரி உப்புக்குக் கரிக்கவே தெரியல."

"கரிக்கிறதுக்கு இல்லப்பா, கரண்ட் போறதுக்கு."

மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரியவர். நடுக்குவாதம் வந்தபின் வாசற்படியைக் கண்டாலே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை பார்ப்பவர்களிடம், "என்னா பாக்குறீங்க? மேலிடத்துலேர்ந்து இன்னும் ஆர்டர் வரல" என்பார். ஒரே ஆசைதான். யார் கையையும் பிடிக்காமல் உப்புப் பாத்திவரை போகவேண்டும். இந்த வருஷ முதல் உப்பில் ஒரு பை அள்ளிவந்து டாக்டர் மேஜைமேல் வைத்து, "இதான் உப்பு" என்று சொல்லவேண்டும்.

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வைஜெயந்திக்கு, டாக்டர் வீட்டிலேயே செய்யச் சொன்ன சிகிச்சை புரிந்தது. தலைக்கு மெல்லிய மின்சாரம், காதுக்குத் தாளம்; தாளத்தைப் பிடித்துக்கொண்டு கால் நகரும். புரியாதது அப்பாதான். ஃபோனில் டிக்டிக் வைத்தாள். "பல்லி கத்துது, நிறுத்து." பக்திப் பாட்டு வைத்தாள். உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் தெருவில் ஒரு சாவு போனது. மேளம் காதில் விழுந்ததும் படியில் ஒட்டியிருந்த கால் தானாகக் கழன்றது. முன்பின் தெரியாத பிணத்தின் பின்னால் பெட்ரோல் பங்க் வரை விறுவிறுவென்று நடந்தார். வைஜெயந்தி கூடவே ஓடி ஃபோனில் பதிவு செய்தாள். மேளம் நிமிடத்துக்கு நூற்றுநான்கு அடி.

மறுநாள் காலை அதை ஸ்பீக்கரில் போட்டாள். பத்தே நிமிடத்தில் பக்கத்துத் தெரு மேரிசெல்வி மாலையும் அழுகையுமாக வந்து நின்றாள். அவள் அழ வந்த பிணம் தலையில் ஒயரோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அண்ணே!"

"வந்தது வந்துட்ட. மாலைய ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டுப் போ."

அதன்பின் காதில் அதே மேளத்தோடு கூடம், வாசல், தெருமுனை என்று நடை நீண்டது. கடைசியாகப் பஞ்சு நனைத்த அன்று உப்பளச் சாலை வரை தனியாகப் போய்த் திரும்பினார். "நாளைக்கி பாத்திக்குப் போறேன். நீ பின்னால வராத" என்றார்.

காலையில் எழவில்லை. மாரடைப்பு. மூளையையும் காலையும் அளந்துகொண்டே இருந்தவள், நடுவிலிருந்த நெஞ்சைப் பார்க்கவில்லை.

அன்று மேளம் நூற்றுநான்கில்தான் அடித்தது. தெருவே நடந்தது, அவரைத் தவிர.

உப்புக்கென்று அவர் எடுத்துவைத்த மஞ்சள்பை ஆணியில் தொங்குகிறது. பாத்திகளில் முதல் உப்பு வாரியாகிவிட்டது. டாக்டர் மேஜைக்கு இன்னும் போகவில்லை.