தடிமனாக வெட்டச் சொன்ன பாதி

ஆய்வகத்தின் திசு வெட்டும் அறையில் மெல்லிய வெட்டு என்றால் அது பெரியவள் கைதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள். பார்த்துப் பார்த்தே திசுவை மெழுகுக் கட்டிக்குள் வார்க்கவும், அதை இயந்திரத்தில் பொருத்திச் சீவவும் கற்றுக்கொண்டாள். அவள் சீவியது வெந்நீரில் மிதந்தால் தொட்டியின் அடி தெரியும். ஒரு சுருக்கம் விழுந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சீவுவாள்.

அவளுடைய தங்கை அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஆராய்ச்சியாளர். "என் தங்கச்சி டாக்டர். ஊசி போடுற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல" என்று லிஃப்ட்காரரிடம் சொல்லாத வாரம் கிடையாது.

"தெரியும்மா, மூணாவது மாடி. தினம் நான்தானே ஏத்தி விடுறேன்" என்பார் அவர்.

தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுதான் தங்கையின் ஆராய்ச்சி. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்களை ஊரே பார்க்கும். தங்கை பார்ப்பது அவற்றைத் தாங்கி நிற்கும் செல்களை. அவை கைகோத்து வலைபோல நிற்கின்றன. வெள்ளை அணுக்கள் அந்த இழைகளைப் பிடித்துத்தான் உள்ளே நடமாடுகின்றன. அணுக்கள் பிழைத்திருக்க வேண்டிய சுரப்பையும் அந்தச் செல்களே தருகின்றன. கணு வீங்கினால் வலையும் நெகிழ்ந்து இடம் விடும்.

"இடமும் குடுத்து, வழியும் காட்டி, உசுரோட வச்சுக்கவும் செய்யுதா? பேர் மட்டும் வெள்ளை அணுவுக்கா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள் பெரியவள்.

"ஆமாக்கா. அதனாலதான் நான் இதைப் பார்க்கிறேன்."

பெரியவளுக்கு அன்று இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

பிறகுதான் கண்ணாடிக்காரி வந்தாள். வேறு ஆய்வகத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். மூக்கு நுனியில் கண்ணாடி. கூடவே, அதிரும் பிளேடால் திசுவைத் தடிமனாக வெட்டும் இயந்திரம் ஒன்று. வந்த இரண்டாம் வாரமே தங்கை அவளை "அக்கா" என்று கூப்பிட்டாள். அன்று சாயங்காலமே பெரியவள் தங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல ஒரு அக்கா போதலையாடி உனக்கு?"

"ஐயோ, மரியாதைக்குக் கூப்பிடுறது அக்கா."

"மேடம்னு கூப்பிடேன். வாய் சுளுக்கிக்குமா?"

நெடுநாள் காத்திருந்து, அறுவை சிகிச்சையில் எடுத்த ஒரு கணு தங்கைக்குக் கிடைத்தது. மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். அதை இரண்டாக்கி ஒரு பாதியை அக்காவிடமும் மறு பாதியைக் கண்ணாடிக்காரியிடமும் கொடுத்தாள்.

"மெழுகு வேண்டாம்க்கா. ஜெல்லுல வச்சுத் தடிமனா வெட்டணும். அந்த மெஷினை அவங்க சொல்லித் தருவாங்க."

அவள் சொல்லித் தருவதா? பெரியவள் பாதியை வாங்கிக்கொண்டாள். தடிமனாக வெட்ட எந்தக் கத்திக்கும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தங்கைக்கே விளங்கட்டும் என்று மெழுகில் வார்த்தாள். பழைய இயந்திரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினாள். அவள் வாழ்நாளிலேயே அவ்வளவு மெல்லிசாகச் சீவியதில்லை.

சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்ததும் தங்கையின் முகம் செத்துப்போயிற்று.

"மெழுகுல வச்சியாக்கா?"

"ஏன், நல்லா வரலையா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அதுதான் வினையே. வலையை இவ்வளவு மெல்லிசா அறுத்தா இழை எங்க தெரியும்? அறுந்த நுனிதான் தெரியும். பாரு, எல்லாம் புள்ளி புள்ளியா."

பார்த்தாள். கோலம் போட வைத்த புள்ளிகள்போல இருந்தன. ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

"இனிமே கணு வந்தா அவங்ககிட்டதான் குடுப்பேன்" என்றாள் தங்கை. குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அடுத்து கண்ணாடிக்காரி வெட்டிய பாதியை வைத்தார்கள். பெரியவளும் குனிந்தாள். பச்சை நிறத்தில் வலை, மேலும் கீழுமாக, ஆழம் வரைக்கும் ஓடியது. அதன் கண்களில் வெள்ளை அணுக்கள் சிவப்புச் சாயத்தோடு கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தன. தங்கை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதெல்லாம் இதுதானா? கண்ணை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஓரத்துல ஒரு கீறல் இருக்கு" என்றாள் கடைசியில்.

"இருக்கு. பிளேடு மாத்தியிருக்கணும்" என்று கண்ணாடிக்காரி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். சண்டைக்கு வழியில்லாமல் போனதில் பெரியவளுக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் காலை, தங்கை வருவதற்கு முன்பே, பெரியவள் அந்த அதிரும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இது எப்படி ஓடுதுன்னு காட்டுங்க. அவகிட்ட சொல்ல வேண்டாம்."

"தாராளமா. ஆனா ஒரு கண்டிஷன். நான் உங்களைவிட ரெண்டு வயசு மூத்தவ. நீங்களும் என்னை அக்கான்னுதான் கூப்பிடணும்."

"முதல்ல பிளேடை மாத்துங்க மேடம்" என்றாள் பெரியவள்.