அண்ணன் கடை ஃப்ரைடு ரைஸ்

கல்யாணமான புதிதில், விலை மலிவாயிற்றே என்று சிதம்பரத்தில் ஒரு சின்ன சைனீஸ் கடைக்கு மனைவியை அழைத்துப் போனேன். வாசலில் நின்று சட்டியைத் தூக்கித் தூக்கி வீசிக்கொண்டிருந்த மாஸ்டருக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. சீனாவை அவர் மேப்பில்கூடப் பார்த்திருக்க மாட்டார். இவளோ ஒரு வாய் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டதும், "அண்ணே, சூப்பர்ண்ணே!" என்று கத்தினாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமையல் என்னுடையது. அதற்கு அதுவரை கிடைத்த பெரிய பாராட்டே, "பரவால்ல மாமா" என்பதுதான்.

அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டதால் சண்டை போடவும் வழியில்லை. முறைப்படி அந்த ஆள் எனக்கு மச்சானாகிவிட்டார். மச்சானும் சும்மா இல்லை. அடுத்த முறை போனபோது தங்கச்சி தட்டில் முட்டையை ஜாஸ்தியாகப் போட்டார். என் தட்டில் முட்டைக்கோஸ்தான் ஜாஸ்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு, பீன்ஸ், குடைமிளகாய், சோயா சாஸ் எல்லாம் வாங்கிவந்து நானே களத்தில் இறங்கினேன். குக்கரைத் திறந்து, ஆவி பறக்கிற சாதத்தை அப்படியே வாணலியில் கொட்டி, அவரைப் போலவே வீசினேன். சாதம் மேலே எழும்பவே இல்லை. ஒரே உருண்டையாக வாணலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

அவள் கரண்டியால் வெட்டி எடுத்து, நிதானமாகச் சாப்பிட்டாள். நான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவனைப் போல நின்றேன்.

"பொங்கல் கறுப்பா இருந்தாலும் நல்லாருக்கு மாமா," என்றாள். "சாயங்காலம் அண்ணன் கடைக்குப் போலாமா?"