இடுகாட்டில் சுண்ணாம்புக் கோடுகள்

நகராட்சியின் புதிய இணைய வரைபடத்தில் என் வீட்டின் பாதி சாலைக்குள் கிடந்தது. அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேஜையில் தூங்கும் என்பது வரை தெரியும். ஆட்சேபணை கொடுக்கப் போனேன்.

எனக்கு முன்னால் காலனியிலிருந்து வந்த கன்னியம்மா நின்றிருந்தார். அவர்களுடைய இடுகாடு வரைபடத்தில் காலி நிலமாகி, குப்பைக் கிடங்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

“மேலேர்ந்து பாத்தா ஒரு சமாதியும் தெரியலையேம்மா,” என்றார் அலுவலர்.

“எங்க ஜனம் சமாதி கட்டாது சார். மண்ணப் போட்டு மூடிக்கினு வந்துடுவோம். மழையில மேடு கரைஞ்சிடும்.”

நான் கிண்டலாகச் சொன்னேன்: “வெள்ளிக்கிழமை படம் எடுக்கச் சித்தூர்லேர்ந்து மறுபடி ட்ரோன் வருது. உங்க ஆளுங்கள எழுந்து கை காட்டச் சொல்லும்மா.”

அவர் சிரிக்கவில்லை. “சுண்ணாம்பு போட்டா அதுக்குத் தெரியுமா சார்?”

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். காலனியே அங்கிருந்தது. தங்கள் மனிதர்களைப் புதைத்த இடங்களை நினைவிலிருந்து தேடி, ஒவ்வொன்றையும் சுற்றி அவரவர் உடல் அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா போட்டது முழ நீளம்கூட இல்லை.

“ஏம்மா இவ்ளோ சின்னதா?”

“அவன் அவ்ளோதான் சார் இருந்தான்.”

குப்பைக் கிடங்கு வேறிடம் போனது. என் வீடும் தப்பியது. ஆனாலும் அந்த வரைபடத்தை அடிக்கடி திறக்கிறேன். பெரிதாக்கினால் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன; பாதிக்கு மேல் சின்னவை. கடைசிவரை நான் இறப்புச் சான்றிதழ் பிரிவில்தான் இருந்தேன். அந்தக் காலனிக் குழந்தை ஒன்றுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை.