கத்தரிக்கோலோடு காவல் நின்ற ஞாயிறுகள்

அடுத்தவர்கள் ஆசையாகக் கயிற்றில் கட்டுண்டு நிற்பதை, கத்தரிக்கோலும் டார்ச்சுமாக ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது. 2007 வாக்கில், யாங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறு மதியம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் கூடுவோம். எல்லோரும் வயது வந்தவர்கள். சம்மதித்துக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள், பிரம்படி வாங்கிக்கொள்வார்கள், சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். கிளினிக்கில் ஊசி போடுகிறவள் என்பதால் பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோயில் விழாவில் தொண்டராக நின்றவர்களுக்கு என் கால்வலி புரியும்.

கரண்டு போனபோது

ஒருநாள் நடுவில் கரண்டு போய்விட்டது. "யாரும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டு, டார்ச்சோடு ஓடி ஒவ்வொரு கட்டாகப் பார்த்தேன். தூணோரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற பள்ளிக்கூட டீச்சர் டோ மியா (மியா அம்மா) எரிச்சலோடு கேட்டார்: "எனக்கு வந்ததுலேர்ந்து இருட்டுத்தானே, என்னை எதுக்கு நிறுத்துனீங்க?"

கீழ்வீட்டம்மா

பிரம்புச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டம்மா மேலே வந்துவிட்டார். கதவை ஒரு சாண் திறந்து, மெத்தை தட்டுகிறோம் என்று புளுகினேன். கர்த்தர் மன்னிக்கட்டும். அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியே எங்க வீட்டு மெத்தை ரெண்டையும் தட்டிக் குடுங்களேன்!"

கோ செல்வத்தின் கட்டைவிரல்

"சிவப்பு" என்று சொன்னால் உடனே அவிழ்க்க வேண்டும். இதுதான் எங்கள் சட்டம். ஆனால் யாங்கூன்காரர்களுக்கு ஆநாடே என்று ஒன்று உண்டே! எதிராளி மனசு சங்கடப்படுமே என்று, தன் சங்கடத்தை விழுங்கிவிடுவது. அதை நான் மறந்துபோனேன்.

கோ செல்வம் (கோ, மா எல்லாம் இங்கே பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை) போட்டாதாங் பேட்டையில் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். எங்கள் கூட்டத்து மா சூ அவர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். "சரியா இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சிரித்தபடி தலையாட்டினார். தற்செயலாகக் கையைத் தொட்டால், ஐஸாக இருந்தது. கயிற்றை வெட்டிவிட்டேன். கட்டைவிரல் மடங்கவில்லை. அந்த விரல் இல்லாமல் இடுக்கியைப் பிடிக்க முடியாது, பிழைப்பு இல்லை. மா சூ அழுதாள்.

நல்லவேளை, நான்காம் நாள் விரல் மடங்கியது. பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிடித்துத் திட்டினேன். அதற்கப்புறம் நான் யாரையும் வாயால் கேட்பதில்லை. கட்டுப் போட்ட கையில் என் விரலைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறேன். அன்று அவர் சொன்ன பதில் அப்படி: "அவங்க அவ்வளவு அழகா முடிச்சுப் போட்டாங்கக்கா, பாதியில எப்படி வேணாங்கிறது?"

அடிக்கும் கட்டுக்கும் அஞ்சாத எங்கள் ஊர்க்காரர்களுக்கு, "போதும்" என்று சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.