கழிக்க வேண்டிய அளவு

வானியலில் இது பழைய வழக்கம். ஒருவர் எதையாவது கண்டுபிடித்தால் அவருடைய குடும்பப் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். எல்லை, மேகம், பட்டை, மாறிலி எல்லாவற்றுக்கும் முன்னால் யாரோ ஒருவரின் பெயர். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் மாணவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் விடாது. அப்பா பெயரை அடித்துவிட்டு அடுத்த பக்கம் போவோம். நானும் போனேன், சனியன்.

தொலைநோக்கிப் படத்தில் வானத்தின் சொந்த வெளிச்சமும் கலந்து விழும். மங்கலான விண்மீன் தெரிய வேண்டுமானால் அதைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்று கணக்கிட நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் ஆசையாக அந்த அளவுக்கு என் 'குடும்பப் பெயரை'ச் சூட்டிவிட்டார். அதாவது, நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எங்களை விட்டுவிட்டு ஆந்திரப் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட மனிதரின் பெயரை. அதை இங்கே எழுத மாட்டேன். கை கூசுகிறது.

அதைப் பற்றிய கட்டுரை அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. திருத்தம் இருந்தால் அன்று மதியம் இரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறால் பிடித்து என்னைப் படிக்கவைத்தவள் அம்மா. அவள் பெயரைப் போடுவதுதான் நியாயம். ஆனால் சான்றிதழ்கள், பழைய கட்டுரைகள் எல்லாம் அந்த ஆள் பெயரில். மாற்றினால் அவை என்னுடையவைதான் என்று காட்ட நாயாய் அலைய வேண்டும். அம்மாவையே கேட்டுவிடுவோம் என்று பொன்னேரியில் பஸ் ஏறினேன். திருப்பாலைவனத்தில் அது நின்ற பத்து நிமிடத்தில் கண்டக்டரிடம் சண்டை வேறு.

நான் ஊர் ஏரிக்கரைக்குப் போனபோது மணி ஒன்றே முக்கால். அம்மா தண்ணீரில் இருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வலை கிடையாது. தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து சேற்றைக் கையால் துழாவுவார்கள். சிக்கிய இறாலைப் பறிக்குள் போடுவார்கள். பறி என்பது பனையோலைப் பை; இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அதைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். அப்போது பேச முடியாது.

"எம்மா, செத்த வெளிய வாயேன்!"

இரு என்று கையைக் காட்டினாள். எனக்கு எங்கே பொறுமை? கரையில் முன்னும் பின்னும் நடந்தபடி எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். காற்றில் பாதிதான் போயிருக்கும்.

"அந்த ஆளு பேரே இருந்துட்டுப் போவட்டுமா? இல்ல, உன் பேரு போட்டு மாத்திடவா?"

"ம்," என்றாள் பறியைக் கடித்தபடி.

இரண்டு கேள்விக்கு ஒரு 'ம்'. எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன். திருத்தம் இல்லை என்று போனில் அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்து அம்மா கரையேறிப் பறியை இறக்கினாள். "இன்னாடி கத்திகினு இருந்த?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"கழிக்கிறதுக்கு அந்த ஆளு பேரா? ஒலகமே குந்திகினு கழிக்கட்டும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள், "சரி, மாத்திட்டியா?" என்றாள்.

"நீதானம்மா ம்-னு சொன்ன, இருக்கட்டும்னு..."

"மாத்திடவான்னு கேட்டதுதான் காதுல வுழுந்துச்சு. மாத்துன்னு சொன்னேன்டி."

அனுப்பியாகிவிட்டது, இனி முடியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பறியைக் கவிழ்த்து இறாலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"எம்மாம் படிச்ச, எம்மாம் எழுதின," என்றாள் தலை நிமிராமல். "என் பேர எங்கனா ஒருவாட்டி எழுதிக்கீறியா?"