முற்றவெளி வேம்பின் வயது

யாழ்ப்பாணம் முற்றவெளியைப் பற்றி எழுதும்படி இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கோட்டை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்தத் திடலைக் கடக்கிறார்கள். யாரும் நிற்பதில்லை. கடந்த ஆவணியில் இணுவிலில் மாமி வீட்டில் மூன்று நாள் தங்கினேன். மாமிக்கும் முற்றவெளியில் ஒரு வேலை இருந்தது. சேர்ந்து போனோம். போயிருக்கக் கூடாது.

காலை 8.10க்கு இணுவிலில் பேருந்து. ஆறு கிலோமீற்றர், ஆளுக்கு ஐம்பது ரூபாய், இருபத்தைந்து நிமிடம். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மாமிக்கு முழங்கால் வலி. ஓட்டோ பிடித்தோம்; இருநூறு.

மாமா காணாமற் போனவர். சண்டைக் காலத்தில் ஒருநாள் சைக்கிளில் பட்டணம் போனார். முற்றவெளி முனியப்பர் கோயிலுக்குக் கிட்ட ஒரு வேம்பின் கீழ் அவர் நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் தகவல். மாமி வன்னிக்கு இடம்பெயர்ந்தார். யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது, கோயிலுக்குக் கிட்ட ஒரு வேம்பைக் கண்டார். ஆண்டுதோறும் மாமா போன நாளில் மஞ்சள் துணியில் காசு முடிந்து அதில் கட்டுகிறார். ஆள் வந்து சேர்ந்தால் எல்லாவற்றையும் அவிழ்ப்பதாக நேர்த்தி.

“முதல் வரேக்கை ஆளுயரந்தான் நிண்டது,” என்றார் பேருந்தில். “ஷெல்லிலை முறிஞ்சு துளிர்த்திருக்குது. மரமே திரும்பி வந்திட்டுது தம்பி.”

முற்றவெளியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதுதான் அதன் வரலாறு. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் நட்சத்திர வடிவில் மாற்றினார்கள். பீரங்கிக்கு எதிரே எதுவும் மறைக்கக் கூடாது. வெளி வெளியாகவே இருக்க வேண்டும். பிறகு விளையாட்டு, கூட்டங்கள், களியாட்ட விழா. ஒரு மாநாட்டுக்கு வந்து இறந்தவர்களின் நினைவுத் தூண். எல்லோரும் வந்து கூடிப் போகிறார்கள். நிலத்தில் எதுவும் தங்குவதில்லை.

ஓட்டோக்காரருக்கு முப்பது வயதிருக்கும். நின்று கூட்டிப்போவதாகச் சொன்னார். மாமி வேம்பின் கீழ் துணியை விரித்துக் காசை வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கட்டுரைக்கு இரண்டு வரி தேவைப்பட்டது.

“அண்ணை, உந்த வேம்பு எத்தினை வருசம் இருக்கும்?”

“உதோ?” சிரித்தார். “என்னட்டையே கேக்கிறீர்! நான் நட்ட மரம் ஐசே.”

“நீங்களோ?”

“ஓம். சண்டை முடிஞ்ச கையோடை பள்ளிக்கூடத்தாலை கூட்டி வந்தவை. ஆளுக்கொரு மரக்கண்டு. ஒரு பணிஸும் சோடாவும் தந்தவை. மற்றவன்ரை எல்லாம் பட்டுப்போச்சு. என்ரை மட்டும் மாடு மாதிரி வளந்திருக்குது.”

மாமி திரும்பினார். “இல்லைத் தம்பி. இது முறிஞ்சு துளிர்த்தது.”

“இல்லையம்மா. நான்தானே தண்ணி ஊத்தினது.”

“அப்ப முந்தி நிண்ட மரம்?”

“இதிலை ஒண்டும் நிக்கேல்லை. வெறுந்தரை. கண்டு வைக்கக் கிடங்கு வெட்டேக்கை இரும்புத் துண்டுதான் வந்தது.”

“வேரும் இல்லையோ?”

ஓட்டோக்காரருக்கு அப்போதுதான் மரத்தில் தொங்கிய துணிகள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. “கட்டுங்கோ அம்மா. என்ரை மரந்தானே. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

மாமி கட்டவில்லை. காசை எடுத்துத் துணியை நாலாக மடித்தார். “அப்ப அவர் எங்கை நிண்டவர்?” என்று கேட்டார். என்னிடமா, ஓட்டோக்காரரிடமா தெரியவில்லை. ஓட்டோக்காரர் போய் வண்டியைத் திருப்பினார்.

திரும்பும்போது பேருந்தில் மாமி ஜன்னலோரம் இருந்தார். கோண்டாவில் தாண்டியதும் சொன்னார்:

“ஐயரைக் கேக்கவேணும்.”

“என்னத்தை மாமி?”

“ஆள் இல்லாமல் அந்தியேட்டி செய்யலாமோ எண்டு.”

அந்தியேட்டி, இறந்தவருக்குக் கீரிமலைக் கடலோரத்தில் செய்யும் கடன். இத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லை வீட்டில் யாரையும் எடுக்க விட்டதில்லை.

போகிறவர்களுக்கு: ஒன்பதுக்கு முன் போங்கள், பிறகு வெயில் தாங்காது. தண்ணீர் கொண்டுபோங்கள். சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். வரலாறு கேட்கும் எண்ணம் இருந்தால், தனியாகப் போங்கள்.